டிஸ்பென்சரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

சிவகாசி பக்கத்து எம். புதுப்பட்டியில் எந்த மேடை போட்டாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "கையில கார்டு இருக்கு. இனிமே உள்ளூர் டாக்டரு, டிஸ்பென்சரின்னு அலைய வேண்டாம். நேரா மதுரைக்குப் போங்க, பெரிய ஆஸ்பத்திரில பாருங்க." பத்து வருஷமாகக் கேட்கிறேன். போன பொங்கலுக்கும் கேட்டேன். கைதட்டியவர்களில் பாதிப் பேர் மறுநாள் காலையில் பட்டாசு ஆலை வேனில் ஏறுகிறவர்கள். அவர்களுக்கு இதைவிடக் கெடுதலான யோசனை வேறு கிடையாது.

முதலில், எந்தக் கார்டு? மேடையில் பேசுகிறவருக்கே அது தெரியவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு, ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு வேறு. முன்னது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் இருக்கிற சிகிச்சைகளுக்கு, பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரிகளில். நல்ல திட்டம்தான், இருதய ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் மாசாமாசம் தின்கிற பிரஷர் மாத்திரைக்கு அது கிடையாது. ஈ.எஸ்.ஐ. அப்படியில்லை. காய்ச்சல் மாத்திரையிலிருந்து பெரிய ஆபரேஷன் வரை, குடும்பத்துக்கும் சேர்த்து. அதற்குத்தான் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். காசு கட்டிவிட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்வது என்ன அறிவுரை?

ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்கிறார்கள். மதுரைக்குப் போனால் போகாதா?

அங்கே வெறும் மாத்திரைதான் தருவார்கள் என்பது இன்னொரு குறை. இருமலுக்கு மாத்திரைதான் தருவார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் தெருவில் ஓர் அக்கா, பேன்சி ரக வெடிகளுக்குத் திரி வைக்கிற வேலை. மூன்று மாசம் விடாத இருமல். மேடைப் பேச்சை நம்பி நேரே மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன், பெட், மருந்து என்று 40,000 ரூபாய், அத்தனையும் வார வட்டிக்கு வாங்கினது. திரும்பி வந்து ஆறு வாரம் வீட்டில் படுத்திருந்தார். பிறகுதான் யாரோ ஈ.எஸ்.ஐ.யில் லீவுச் சம்பளம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்கப் போனால் முதல் கேள்வி: உங்கள் டிஸ்பென்சரி டாக்டரின் சான்று எங்கே? அப்படி ஒரு டாக்டரை அவர் பார்த்ததே இல்லை. முன்பு வேலை பார்த்த ஊர் டிஸ்பென்சரிதான் இன்னமும் தன் பெயரில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாசத் தவணையில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோயில் கிடக்கிற நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாள் கூலி 400 என்றால் 280 ரூபாய். பணம் கிடைக்காத முதல் இரண்டு நாளைக் கழித்தாலும் அக்காவின் ஆறு வாரத்துக்கு 11,200 ரூபாய். ஆலையில் அடிபட்டால் 90 சதவீதம். இந்தப் பணத்துக்கெல்லாம் திறவுகோல் அந்த முதல் டாக்டர், அதாவது டிஸ்பென்சரி டாக்டர், எழுதுகிற காகிதம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டும் அவர் கையில்தான் தொடங்குகிறது. சிவகாசி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து அதற்கு மேலும் அந்தச் சீட்டோடு போனால் செலவு உங்களுடையது அல்ல. தானாகப் போய்ச் சேர்ந்தால் பில் உங்கள் தலையில்.

காசு மட்டுமல்ல. கந்தகமும் அலுமினியப் பொடியும் மூக்கில் ஏறுகிற வேலை இது. வருஷக்கணக்காக உங்களைப் பார்க்கிற டாக்டருக்குத்தான் போன மழைக்காலத்து இருமலும் இந்த இருமலும் ஒன்றா என்று தெரியும். மதுரையில் அக்காவிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெடி விபத்து என்றால் கதை வேறு. அப்போது சீட்டும் வேண்டாம், டிஸ்பென்சரியும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, தீக்காயப் பிரிவு இருக்கிற சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். 2012-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரைப் பறிகொடுத்த சீமை இது; இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வருஷத்தில் மற்ற நாட்களெல்லாம் இருமலும் சர்க்கரையும் முதுகுவலியும்தான்.

முதல் டாக்டரைத் தாண்டிப் போவதுதான் முன்னேற்றம் என்கிறார்கள். 1948-இல் பிரிட்டன் தன் மக்கள் எல்லோருக்கும் இலவச வைத்தியம் கொடுத்தபோது, ஆளுக்கொரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதியச் சொல்லித்தான் ஆரம்பித்தது. நம் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்ததும் அதே வருஷம்தான்.

உள்குத்தகை ஆலைகளில் ஈ.எஸ்.ஐ.யில் பெயரே பதியாமல் வேலை வாங்குகிறார்களே, மேடை கிடைத்தவர்கள் பேச வேண்டியது அதைப் பற்றி.

வேன் ஏறுகிற அக்கா தங்கைகளே, நாளைக் காலையில் கணக்கப்பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் ஈ.எஸ்.ஐ. நம்பர் என்ன? என் பெயருக்கு எந்த டிஸ்பென்சரியைப் போட்டிருக்கிறீர்கள்? அது உங்களுக்குத் தோதான இடம் இல்லையென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்றியதும், நோய் வருமுன்னே ஒருமுறை போய் அந்த டாக்டருக்கு உங்கள் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.