படைத்தலைவர் பெயரும் கொல்லர் மொழியும்

இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உரோமர் குதிரைச் சேணத்தின் அணித்தகடுகள் சில காக்கப்பட்டு வருகின்றன. செருமனியில், இரைன் ஆற்றை அடுத்த சாண்டன் என்னும் ஊரில் கிடைத்தவை அவை. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தவை. செப்புக் கலவையில் வார்த்து, மேலே வெள்ளி பூசி, கொடியும் இலையுமாகக் கீறிய பள்ளங்களில் கருஞ்சாந்து இழைத்துச் செய்திருக்கின்றனர். வட்டத் தகடொன்றில் குத்தெழுத்தாக ஒரு பெயர் உள்ளது: குதிரைப்படைத் தலைவர் பிளினி.

இப் பிளினி தமிழ் வரலாறு கற்றார்க்குப் புதியவரல்லர். முசிறித் துறையையும் பாண்டியர் மதுரையையும் தம் 37 மடல நூலிற் குறித்தவரும், ஆண்டுதோறும் ஐந்து கோடி உரோமக் காசு இந்தியாவுக்குப் போய்விடுகின்றதே என நொந்து எழுதியவரும் அவரே என்று அறிஞர் கொள்வர். மிளகின் விலையை எண்ணி வருந்தியவரின் பெயர், வெள்ளி பூசிய குதிரை அணியில் மின்னுகின்றது. அஃது இருக்க.

உரோமர் குதிரைக்கு அங்கவடி கிடையாது. கலணை நழுவாதபடி மார்பைச் சுற்றி ஒரு வாரும் பின்புறத்தைச் சுற்றி ஒரு வாரும் இழுத்துக் கட்டுவர். வார்கள் வந்து கூடும் இடத்தில் இவ் வட்டத் தகடு அமையும். அதன் பின்புறத்து வளையங்களில் வார்கள் மாட்டப்பெறும். தகட்டின்கீழ் இலை வடிவிலும் பிறை வடிவிலும் தொங்கணிகள் ஆடும். குதிரை நடக்குந்தோறும் ஒளியும் ஒலியும் எழும். தோல்வார் மண்ணில் மட்கிப் போயிற்று. மாழை மட்டும் எஞ்சிற்று.

இனி, இத்தகு பூச்சுவேலை யாருடையது? அதற்கு விடை கூறுபவரும் பிளினியே. தம் நூலின் 34ஆம் மடலத்தில், செப்புக் கலங்களுக்கு வெள்ளீயம் பூசி, வெள்ளியினின்று வேறு பிரித்தறிய இயலாதவாறு செய்வது காலியர் கண்ட கலை என்றும், பின்னர் அலேசியா என்னும் ஊரில் குதிரை அணிகளுக்கு வெள்ளியே பூசத் தொடங்கினர் என்றும் எழுதியுள்ளார். வென்றவர் தோற்றவரின் திறனை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அரிது. அந்நேர்மைக்காக அவரைப் போற்றலாம்.

அலேசியா எது? இன்றைய பிரான்சு நாட்டில், கி.மு. 52இல் காலியர் தலைவர் வெர்சிங்கெட்டோரிக்சு சீசரிடம் பணிய நேர்ந்த மலைக்கோட்டை அது. உரிமை போனபின்னும் அங்குக் கொல்லுலைகள் அவியவில்லை. அவ்வூரில் 1839இல் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. எழுத்து இலத்தீனம், மொழி காலியம். உக்குவேட்டிசு என்னும் கடவுளுக்கு ஒருவர் கட்டடம் ஒன்றைப் படைத்த செய்தியை அது கூறுகின்றது. அக்கடவுளை அலேசியாவில் வழிபட்ட கொல்லர்களையும் அக்கல் குறிக்கின்றது என மொழிநூலார் பொருள் கொள்வர். படைத்தவர் பெயர் மார்த்தியாலிசு; தந்தை பெயர் தன்னோத்தாலோசு. தந்தை பெயர் காலியம். மகன் பெயர் இலத்தீனம்! வாளெடுத்து வந்த சீசர் இப்பெயரை அம்மகனுக்கு இடவில்லை. பெற்றோரே இட்டிருத்தல் வேண்டும். ஒரு மொழியின் இறங்குமுகத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் சான்று வேறொன்று கிடைத்தல் அரிது.

பள்ளியும் தன் பங்கைச் செய்தது. அலேசியாவுக்குத் தெற்கே அகுசுத்தோதுனம் என்னும் நகரில், கி.பி. 21 அளவில், காலியப் பெருங்குடிப் பிள்ளைகள் உரோமக் கல்வி பயின்றுகொண்டிருந்தனர் எனத் தாசித்தர் குறிக்கின்றார். வன்முறையால் மட்டுமே மொழி அழியும் என்பார் இதனை எண்ணுக. மேற்குடி மக்கள் ஆள்வோர் மொழியில் பெருமை தேடினர்; உலைக்களத்தில் நின்றவனே நெடுநாள் தாய்மொழியைக் காத்தான்.

உரோமப் படைக்குக் காலியர் தந்தது அணித்தகட்டுக் கலை மட்டுமன்று. கி.பி. 136 அளவில் படைப்பயிற்சி நூல் இயற்றிய அர்ரியானோசு, குதிரைப்பயிற்சிச் சொற்கள் சிலவற்றைக் காலிய மொழியினின்றே எடுத்துக் காட்டுகின்றார். வண்டியைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லும் அவர்தம் மொழிக்குரியதே. கலை போற்றப்பட்டது, சொல் கடன் வாங்கப்பட்டது, சில நூற்றாண்டுகளில் மொழி மட்டும் பேசுவாரின்றி மறைந்தது. வழி, கலப்பை, வானம்பாடி ஆகியவற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களைப் போன்ற சில அதன் எச்சங்களாக நிற்கின்றன.

கொல்லனுக்குரிய சொல் அவ்வெச்சங்களுள் இல்லை. பிரெஞ்சில் அவனை இலத்தீன வேரினின்று வந்த சொல்லால் அழைக்கின்றனர். அலேசியாக் கல்லிலுள்ள அப்பழஞ்சொல்லின் உறவுச்சொல் அயர்லாந்து மக்கள் மொழியில் இன்றும் வழங்குகின்றது. அலேசியா நின்ற மண்ணில் வழங்கவில்லை.