இனாமா, கூலியா?

அமெரிக்காவிலுள்ள மகனையோ மகளையோ பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர்கள் சொல்லும் குறைகளில் இது தவறாமல் இருக்கும்: “சாப்பாட்டுக்கு 40 டாலர் பில். அதற்கு மேல் 8 டாலர் டிப்ஸாம்! தட்டைக் கொண்டு வந்து வைத்ததற்கு ஐந்தில் ஒரு பங்கா? பகற்கொள்ளை!”

கொள்ளைதான். ஆனால் கொள்ளைக்காரன் யார் என்பதில்தான் இவர்களோடு எனக்குச் சண்டை.

இனாம் என்றால் மனம் குளிர்ந்து கொடுப்பது. கொடுத்தால் சந்தோஷம், கொடாவிட்டால் நஷ்டமில்லை. அமெரிக்க ஹோட்டலில் கொடுப்பது அந்த ஜாதியே அல்ல. அந்நாட்டு மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டிய கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-ல் வைத்த தொகை. டெக்ஸஸ் போன்ற மாநிலங்களில் இன்றும் அதுவே. மற்றவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். நடுவிலுள்ள 5 டாலர் 12 சென்ட்டை யார் கொடுப்பது? பசிக்குச் சாப்பிட வந்தவர்! டிப்ஸ் போதாவிட்டால் முதலாளி இட்டு நிரப்ப வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இருந்து என்ன? வாரந்தோறும் முதலாளியிடம் போய்க் கணக்குக் கேட்கும் துணிவு எத்தனை சர்வர்களுக்கு வரும்?

இதன் பூர்வ கதை இன்னும் கசப்பானது. உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தளை அறுந்தபின், புல்மன் கம்பெனி தன் ரயில் படுக்கை வண்டிகளில் கறுப்பு மக்களை ஊழியர்களாக வைத்தது. சொற்பச் சம்பளம், மீதி பிரயாணிகளின் தயவு. இது குடியரசுக்கு இழுக்கு என்று 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. 1926-க்குள் அத்தனை தடைகளும் போய்விட்டன. 1966-ல் தேசியச் சட்டமே டிப்ஸைச் சம்பளக் கணக்கில் சேர்த்துக்கொண்டது!

“டிப்ஸ் இருந்தால்தானே உபசாரம் நன்றாக இருக்கும்?” என்பார்கள். அப்படியானால் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக்கு வாருங்கள். அங்கே சீட்டுப் போடுகிறவருக்கும் வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ்தான். நல்ல சீட்டு விழுந்தவர் நாலு வில்லைகளைத் தள்ளிவிட்டுப் போகிறார். தோற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். இருவருக்கும் சீட்டுப் போட்டது அதே கை, அதே சிரிப்பு. இதில் உபசாரத்துக்கு எங்கே கூலி? அதிர்ஷ்டத்துக்கல்லவா கூலி! அந்தக் காசும் பத்திரமாக இருந்ததா? 2006-ல் வின் விடுதி அதில் மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு வைத்தது. ஊழியர்கள் வழக்காடினார்கள், 2013-ல் நெவாடா உச்ச நீதிமன்றம் விடுதியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மேலாளர்களும் மேற்பார்வையாளர்களும் டிப்ஸில் கைவைக்கலாகாது என்று தேசியச் சட்டம் திருந்த 2018 ஆயிற்று.

காசைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. குடித்துவிட்டு வந்தவன் அசட்டுப் பேச்சுப் பேசினால், பரிமாறும் பெண் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஏன்? அவளுடைய வீட்டு வாடகை அவன் சட்டைப் பையில் இருக்கிறது. கூலியைக் கேட்டு வாங்கலாம். தயவைக் கேட்டு வாங்க முடியுமா? உழைத்தவளைக் கையேந்த வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பாவம்.

“அதனால்தான் ஐயா, கொள்கைக்காக நான் டிப்ஸ் வைப்பதில்லை” என்று ஒருவர் எழுந்து நிற்பார். மகா கொள்கை! முதலாளிக்கு இதனால் முடி உதிருமா? சாப்பாட்டுக்கு உரிய 40 டாலர் அவருக்கு முழுசாகச் சேர்ந்துவிடுகிறது. அடி விழுவது சர்வரின் தலையில். தம் பணப்பைக்கு வலிக்காத கொள்கைக்கு அடுத்தவள் வயிற்றைக் காணிக்கையாக்குவது என்ன நியாயம்?

கலிபோர்னியாவிலும் நெவாடாவிலும் குறைந்தபட்சக் கூலி முழுவதையும் முதலாளியே தர வேண்டும். டிப்ஸைக் காட்டிக் கழிக்கக் கூடாது. அங்கெல்லாம் ஹோட்டல்கள் மூடிவிடவில்லை. ஆகவே வழி இல்லாமல் இல்லை, மனம்தான் இல்லை. அந்த மனம் வரும்வரை, அங்கே சாப்பிடப் போகிறவர்கள் 8 டாலரையும் சேர்த்துத்தான் சாப்பாட்டின் விலை என்று எண்ணிப் போகட்டும். கட்டாதென்றால் வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிடட்டும். சண்டை போட ஆசையா? தாராளமாகப் போடுங்கள், முதலாளியோடும் சட்டத்தோடும். தட்டு ஏந்தி வந்தவளோடு வேண்டாம்.