ஏரிக்குள் இறங்கும் ஒளி

ஓசூர் சாலையில் மின்னணு நகரைக் கடந்தால் வருவது ஹெப்பகோடி. அவ்வூர் ஏரியைக் கன்னட மக்கள் 'கெரெ' என்பர். கழிவுநீர் கலந்து சீர்கெட்டிருந்த அதனை மீட்கும் பணியைப் பயோகான் நிறுவனத்தின் அறக்கட்டளை மேற்கொண்டது. மிதவைகளின்மேல் செடிகளை வளர்த்து, அவற்றின் வேர்களால் நீரிலுள்ள மாசினை உறிஞ்சச் செய்யும் முறையும் அங்குக் கையாளப்பட்டது.

பெங்களூரின் வேறு பல ஏரிகளில் இதற்கு மாறான காட்சியையே காணலாம். அங்கே நீர் தெரியாதபடி வெங்காயத்தாமரை படர்ந்து கிடக்கும். ஆகாயத்தாமரை என்றும் அதனை அழைப்பர். "அயல்நாட்டுக் களை அது, அதனை அகற்றினால் ஏரி பிழைத்துவிடும்" என்று கரையில் நிற்போர் கூறுவர். இக்கூற்றில் பாதியே உண்மை.

வெங்காயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா என்பது மெய்தான். அது வங்காளத்து நீர்வழிகளை அடைத்துக்கொண்டமையால், அதனை ஒழிக்க 1936-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் வேற்று மண்ணில் பிறந்தது ஒரு குற்றமாகாது. நாள்தோறும் குழம்பிலிடும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவையே. அவற்றை எவரும் அயலவை என்று ஒதுக்குவதில்லை. வெங்காயத்தாமரையின் குற்றம் வேறு. அது அண்டை உயிர்களின் ஒளியைப் பறிக்கிறது.

வெண்மையாகத் தோன்றும் கதிரொளியில் பல நிறங்கள் உள்ளன. இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உண்கிறது. பச்சையைப் பெரிதும் விட்டுவிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் எங்கல்மன் 1880-களில் இதனை அழகிய ஆய்வு ஒன்றால் மெய்ப்பித்தார். பட்டகத்தால் ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒரு பாசி இழையின்மேல் விழச் செய்தார். ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் திரண்டு மொய்த்தன.

நீரும் நிறங்களை வடிகட்டும். தெளிந்த நீரில் சிவப்பு விரைவில் மறையும். நீலம் ஆழம் வரை செல்லும். அழுகிய பொருள்கள் கரைந்து பழுப்பேறிய நீரிலோ நீலமும் மேற்பரப்பை ஒட்டியே மடிந்துவிடும். ஆகவே மாசுற்ற ஏரியின் அடியில் வாழும் செடிக்கு இருவகை உணவும் குறைகின்றன. அதற்கு மேலே வெங்காயத்தாமரை கூரையிட்டால், எஞ்சி இறங்குவது சிறிதளவு மங்கிய ஒளியே. மூழ்கி வளரும் செடிகள் நலிய, நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்களும் மடிகின்றன.

அவ்வாறு மூழ்கி வளரும் நாட்டுச் செடிகளுள் ஒன்று ஹைட்ரில்லா. ஒளிச்சேர்க்கை ஆய்வுக்காகப் பள்ளிகளில் புனலின் கீழ் வைக்கப்பெறுவது இதுவே. முழு வெயிலின் நூற்றில் ஒரு பங்கு ஒளியிலும் உணவு சமைக்கவல்லது. இங்கே எளியதாகத் தோன்றும் இச்செடி 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை அடைந்தது. அங்கே அடியிலிருந்து மேலெழுந்து, நீர்ப்பரப்பில் கிளைத்துப் பின்னி, அந்நாட்டுச் செடிகளின் ஒளியை மறைத்தது. இன்று அங்கே அது பெருங்களை! மரபணுக்களை ஒப்பிட்ட அறிஞர்கள், புளோரிடாச் செடி பெங்களூருச் செடிக்கு நெருங்கிய உறவு என்று கண்டனர். வெங்காயத்தாமரையைப் பழிக்கும் ஊரின் செடியே மற்றோர் ஊரில் பழிக்கப்படுகிறது.

எனவே செடியை மட்டும் வாரிக் கரையில் குவிப்பதால் பயன் சிறிதே. வெங்காயத்தாமரையின் விதைகள் சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கவல்லவை. கூரை நீங்கி ஒளி பட்டதும் விழித்து முளைக்கும். கழிவுநீர் தொடர்ந்து ஊட்டமளித்தால், ஏற்ற சூழலில் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குள் செடிகள் இருமடங்காகும். அகற்றும் இயந்திரத்திற்குச் செலவிடுவதற்கு முன்னரே கழிவுநீர்க் கால்வாயைத் தடுத்துத் தூய்மை செய்தல் வேண்டும்.

அப்பணி நடந்ததா என்பதை அறியும் கருவி மிக எளியது. இத்தாலிய அறிஞர் செக்கி 1865-இல் ஒரு வெண்தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். ஹெப்பகோடி ஏரியிலும் திங்கள்தோறும் அத்தட்டை இறக்கி, அந்த அளவைக் கரையில் ஒரு பலகையில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்கலாம்.