யுத்தக் கப்பலின் ஆயுள்

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் ஸ்ரீரங்கவாசிக்கு யுத்தக் கப்பலின் யோகக்ஷேமம் எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். அவர்களுக்கு நாம் அக்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையைச் சுட்டிக்காட்டுவோம். கப்பலின் உள்ளே அமர்ந்தபடியே இயக்கத்தக்கதும், அலையின் ஆட்டத்திலும் குறி நிலைத்து நிற்பதுமான 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கி அங்கே நம் கடற்படைக்காகச் செய்யப்படுகிறது. இவ்வகைத் துப்பாக்கிகள் 463-க்கு, அத்தொழிற்சாலை சேர்ந்துள்ள சர்க்கார் கம்பெனியுடன் 2024 பிப்ரவரியில் 1,752 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆகவே கடல் காணாத நம் ஊரின் உழைப்பும் கடலைக் காக்கிறது.

2022 செப்டம்பர் 2-ந் தேதி கொச்சியில் ‘விக்ராந்த்’ கடற்படையில் சேர்ந்தபோது தேசம் பூரித்தது. 2009-ல் அடிமரம் நாட்டிய நாள் முதல் பதின்மூன்று வருஷம் உழைத்து நம்மவரே கட்டிய கப்பல் அது. அந்தப் பூரிப்பு நியாயமானதே. ஆனால், கப்பல் படையில் சேரும் நாள் வேலை முடிந்த நாளன்று. வேலையின் பிற்பாதி தொடங்கும் நாள் என்பதை ஜனங்களும் பார்லிமெண்டும் மறந்துவிடலாகாது.

உப்புநீர் தகட்டை ஓயாமல் அரிக்கிறது. அடியில் பாசியும் சிப்பியும் படிந்து வேகத்தைக் குறைத்து எண்ணெய்ச் செலவைக் கூட்டுகின்றன. கப்பலின் உடல் முப்பது, நாற்பது வருஷம் தாங்கும். ரேடாரும் மின்கருவிகளும் அதற்குப் பாதிக் காலத்திலேயே பழமையாகிவிடுகின்றன. ஆகையால் குறித்த காலத்தில், நீரை இறைத்து வற்றச் செய்யும் துறையிலே கப்பலை ஏற்றிப் பழுது பார்ப்பதும், நடுவயதில் புதிய கருவிகளைப் பொருத்துவதும் இன்றியமையாதவை. 1961-ல் படையில் சேர்ந்த பழைய ‘விக்ராந்த்’ 1997 வரை உழைத்தது. ஸீ ஹாக் விமானங்களைச் சுமந்து வந்த அது, 1980-களில் ஸீ ஹாரியர் விமானங்களுக்கு ஏற்பச் சீர்திருத்தப்பட்டதாலேயே காலத்தோடு நடை போட முடிந்தது.

இவ்விஷயத்தில் அலட்சியத்தின் விலை பெரிது. ருஷ்யாவிடம் வாங்கிய ‘விக்ரமாதித்யா’வைப் புதுப்பிக்க 2004-ல் பேசிய தொகை 97 கோடி டாலர், பிரித்துப் பார்த்தபின் வேலை பெருகி அது 230 கோடி டாலரைத் தாண்டியது. 2008-ல் வரவேண்டிய கப்பல் 2013-ல் வந்தது. ‘ஸிந்துகீர்த்தி’ நீர்மூழ்கியோ 2006 முதல் 2015 வரை விசாகப்பட்டணத்துத் துறையிலேயே முடங்கிக் கிடந்தது. 2014 பிப்ரவரி 26-ந் தேதி, பழுது பார்த்தபின் சோதனைக்குச் சென்ற ‘ஸிந்துரத்னா’வில் தீ மூண்டு இரண்டு அதிகாரிகள் உயிர் துறந்தனர். தொடர்ந்து நேர்ந்த விபத்துகளுக்குப் பொறுப்பேற்றுக் கடற்படைத் தளபதி ஜோஷி அன்றே ராஜினாமாச் செய்தார். அது கண்ணியமான செயல்; ஆனால் ஒரு மனிதரின் ராஜினாமாவால் ஒரு முறை திருந்திவிடாது.

இந்தப் பாடத்தை நாம் அயல்நாட்டில் கற்க வேண்டியதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாய் நின்ற ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 1987-ல்தான் பூர்த்தியாயிற்று. தொடங்கியதை முடிக்காமல் விடுவதன் குறை நமக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்று பெரியோர் வகுத்த நியதியும் நமக்குத் தெரியும். கல் விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

புதுக் கப்பல்களுக்குப் பணம் ஒதுக்கும்போதே, அவற்றின் ஆயுள் முழுமைக்கும் வேண்டிய உதிரிப் பாகங்களுக்கும் பழுது பார்க்கும் துறைகளுக்கும் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். பழுது பார்க்கும் தவணை தவறினால் காரணத்தைப் பார்லிமெண்டில் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த ராணுவத் தொழில் வழித்தடம் பெயரளவில் நின்றுவிடலாகாது. பாய்லர் தொழிற்சாலையை நம்பி வளர்ந்து, வேலை குறைந்து தவித்த துவாக்குடிப் பட்டறைகளுக்கு இரும்பை வளைக்கவும் பற்றவைக்கவும் தெரியும். அவர்களுக்குத் தரப் பரிசோதனையும், தொடர்ச்சியான வேலையும், காலத்தில் பணமும் கிடைத்தால், ஒரு வால்வுக்காகக் கப்பல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் அவலம் நீங்கும்.

கப்பலை நீரில் விடும் நாளில் மாலை போட ஆயிரம் கைகள் உண்டு. இருபதாம் வருஷத்தில் அதன் துருவைச் சுரண்டும் கைக்கும் அதே மதிப்பைத் தேசம் அளிக்க வேண்டும். அக்கப்பலில் செல்லும் நம் பிள்ளைகளின் உயிர் அந்தக் கையிலேதான் இருக்கிறது.