டப்பா வைத்தியம்

பிரம்மதேசத்திலிருந்து சித்தப்பா பையன் வந்தான். கையில் குளூட்டமைன் டப்பா.

"ஜிம்முல சொன்னாங்கண்ணே. எனக்குத் தசை வலி போகும், அப்பாவுக்குக் கால் புண் ஆறும்!"

குளூட்டமைன், நம் உடம்பே தயாரிக்கிற அமினோ அமிலம். பெரிய காயம் பட்டால் தட்டுப்பாடு வரும்தான். ஆனால் 2022-ல் வெளியான ஆய்வில், சுமார் 1,200 தீக்காய நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் ஒன்றும் சீக்கிரம் வீடு திரும்பிவிடவில்லை.

புண் ஆறப் புரதம் வேண்டும், வாஸ்தவம். நூறு கிராம் வேர்க்கடலையிலேயே 25 கிராம் இருக்கிறது. டி.எம்.வி. கடலை ரகங்கள் பிறந்த திண்டிவனம் பக்கத்தில்தானே!

"சித்தப்பாவுக்கு சுகர் எவ்வளவுடா?"

"பாத்ததே இல்லண்ணே..."

மறுநாள் பார்த்தோம். 340! "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரல் போயிருக்கும்" என்றார் டாக்டர்.

டப்பா, இரண்டாயிரம் ரூபாய். சுகர் டெஸ்ட், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.