சைபீரியப் பூவுக்கு முன்னால் நம் பள்ளத்தைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கவும். என்னைத் திட்ட நினைப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டவும்.

செம்மேட்டிலும் சுற்று வட்டாரத்திலும் காட்டேஜ் நடத்தும் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். "சார், ஓடையோரம் ஈரமா கிடக்கிற இடத்துல சைபீரியன் ஐரிஸ் வெச்சா வருமா? வீடியோவுல பார்த்தோம், ஊதா ஊதாவா அள்ளுது." நீங்கள் கேட்டது ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது இரண்டு பதில். வராது. அதை வைப்பதற்காக நீங்கள் செய்யப்போகும் வேலை அதைவிட மோசம்.

முதலில் ஏன் வராது என்று சொல்லிவிடுகிறேன். சைபீரியா என்பது அதன் பெயரில் மட்டும்தான் பெரிதாக இருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தார். செடியின் சொந்த ஊர் ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகளில் தொடங்கி மேற்கு சைபீரியா வரை நீள்கிறது. குளிர்காலத்தில் இலை முழுக்கக் காய்ந்து, கிழங்கு உறைபனிக்குக் கீழே மாதக்கணக்கில் தூங்கும். அந்தத் தூக்கம் இருந்தால்தான் வசந்தத்தில் மொட்டு வரும். நம் மலையில் மார்கழியில் போர்வைக்குள் நடுங்குகிறோம், சரி. ஆனால் மண் உறைகிறதா? இன்னொன்றை வீடியோக்காரர் சொல்லியிருக்க மாட்டார். இது சதுப்புச் செடி அல்ல. வளரும் காலத்தில் ஈரம் கேட்கும். தூங்கும் காலத்தில் வேரடியில் தண்ணீர் நின்றால் அழுகும். அது தூங்க வேண்டிய ஐப்பசி கார்த்திகையில்தான் நமக்கு அடைமழை. நன்றாக வளரும் ஊரிலேயே அது பூப்பது வருடத்தில் சில வாரங்கள். இங்கே புல் மாதிரி நாலு இலை நீட்டிவிட்டு நிற்கும். அதைக் காட்டவா சென்னையிலிருந்து ஆளைக் கூப்பிடப் போகிறீர்கள்?

விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். வெளிநாட்டுக் கிழங்கை உள்ளே கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும். பிளாஸ்டிக் பையில் நாலு கிழங்கை அனுப்புகிறவரிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டுப் பாருங்கள். பையில் வருவது ஐரிஸ்தானா, எந்த ஐரிஸ் என்பதும் அவருக்கே வெளிச்சம். சைபீரிய ஐரிஸ் நம் ஊரில் காடாகப் பரவும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அது பிழைப்பதே சந்தேகம். ஆனால் அதன் பங்காளி மஞ்சள் ஐரிஸ் வட அமெரிக்காவின் நீர்நிலைகளில் தோட்டத்தைத் தாண்டி ஓடி, இன்று பிடுங்கி மாளவில்லை. அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளுக்கு என்ன செய்தது, வேலிக்கும் தோட்டத்துக்கும் வந்த உண்ணிச்செடி நம் காடுகளுக்கு என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

"சார் வெளிநாட்டுச் செடின்னாலே எதிர்ப்பார்" என்று ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. அவருக்காக: நம் மலையின் காபி எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. மரவள்ளியும் அன்னாசியும் தென் அமெரிக்கச் சரக்கு. மூன்றும் இங்கே எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன. எனக்குச் செடியின் பாஸ்போர்ட் முக்கியமில்லை.

எனக்கு முக்கியம் அந்தப் பள்ளம். மழை விட்ட பிறகும் மாதக்கணக்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும் இடங்கள் அவை. நம் தாத்தாக்கள் மேட்டில் சாமையும் கேழ்வரகும் விதைத்து, பள்ளத்தில் மட்டும் நெல் நட்டார்கள். ஈரம் எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கசிவு சேர்ந்துதான் ஓடை. ஓடைகள் சேர்ந்துதான் ஐயாறு. நீங்கள் ஆயிரம் படி இறங்கிப் போய் செல்ஃபி எடுக்கும் ஆகாய கங்கை அதுதான். அதுவேதான் அடிவாரத்தில் புளியஞ்சோலைக்குப் போகிறது.

இன்று நடப்பதைப் பார்க்கிறேன். ஜேசிபி வைத்து மேட்டு மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை மூடுகிறார்கள். மேலே புல்தரை விரிக்கிறார்கள். பங்குனியில் புல் காய்ந்தால் போர் போட்டு அதற்குத் தண்ணீர். கடைசியில் ஒரு மூலையில் சிமென்ட் தொட்டி கட்டி, "ஈரத் தோட்டம்" என்று பலகை மாட்டி, அதற்குத்தான் இந்த ஐரிஸ் தேடுகிறார்கள்! கடவுள் கொடுத்த ஈரத்தை மூடிவிட்டு, காசு கொடுத்து ஈரம் வாங்குகிறோம்.

இதே கதை அந்தப் பூவின் ஊரிலும் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ஈரப் புல்வெளிகளை வாய்க்கால் வெட்டி வடித்து, உரம் போட்டு விளைநிலமாக்கினார்கள். காட்டில் தானாக வளர்ந்த சைபீரிய ஐரிஸ் அரிதாகிப் போனது. இன்று அங்கே அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் அதையே "ஆண்டின் மலர்" என்று அறிவித்தார்கள். அழகுக்காக மட்டுமல்ல, ஈரப் புல்வெளிகள் காணாமல் போகின்றன என்று ஊருக்குச் சொல்வதற்காக. விதை முற்றும் வரை புல் அறுக்காமல் காத்திருந்து, வடித்த நிலத்தில் மறுபடி தண்ணீர் நிற்க விட்டுக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அவர்கள் பணம் செலவழித்துத் திரும்பப் பெறப் பார்ப்பதை நாம் பணம் செலவழித்து அழிக்கிறோம். கிழங்குக்குப் பதிலாக அந்த அனுபவத்தை இறக்குமதி செய்யலாம், சுங்கவரி கிடையாது.

சரி, பூ வேண்டாமா? வேண்டும். வாள் மாதிரி இலைதான் ஆசை என்றால் வசம்பு இருக்கிறது. மஞ்சள் ஐரிஸின் அறிவியல் பெயருக்கே "போலி வசம்பு" என்றுதான் பொருள். இலை அப்படி ஒத்திருக்கும். அசல் நம்மிடம் இருக்கப் போலிக்கு எதற்கு அலைய வேண்டும்? பிள்ளை வளர்ப்பான் என்று நம் பாட்டிகள் மதித்த செடி. ஓடையோரம் கிழங்கை ஊன்றினால் போதும், இலையைக் கசக்கினால் மணக்கும். பூ மட்டும் அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். நீலம்தான் வேண்டுமென்றால் நீர்முள்ளி உண்டு, முள் குத்தும், குழந்தைகள் ஓடும் இடத்தில் வேண்டாம். மழைக்காலத்தில் தானாக முளைக்கும் கானாவாழையின் நீலத்தைக் குனிந்து பார்த்ததுண்டா? தேங்கிய நீரில் ஆம்பலும் குவளையும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இந்த இரண்டும் இருக்கின்றன. வெள்ளைப் பூவும் மணமும் வேண்டுவோருக்கு விஷமூங்கில். பெயருக்கேற்ப விஷம்தான், ஆடு மாடு, பிள்ளைகள் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடியில் வல்வில் ஓரி விழாவோடு மலர்க் கண்காட்சி வைக்கிறீர்கள். பூக்களைக் கட்டி உருவங்கள் செய்கிறீர்கள், கூட்டம் வருகிறது, நல்லது. நம் ஓடையோரச் செடிகளுக்கு ஒரே ஒரு பந்தல் ஒதுக்குங்கள். பெயர் எழுதி வைக்கும் வேலையை நானும் பழைய மாணவர்களும் சம்பளமில்லாமல் செய்கிறோம். பள்ளத்தை மூடாமல் விட்டிருக்கும் விவசாயி யாராவது இருந்தால் பரிசை அவருக்குக் கொடுங்கள்.

வசம்புக் கிழங்கு வேண்டுவோர் கமெண்டில் சொல்லுங்கள். என் வீட்டுப் பின்புறம் தேவைக்கு மேல் மண்டிக் கிடக்கிறது. இலவசம். வரும்போது பை மட்டும் கொண்டு வரவும், சேறாக இருக்கும்.