தற்காப்பு கோழைத்தனமா?

திரையில் இருவர் பொருதும் சண்டை விளையாட்டுக்களைப் பயிலப் புகுவோனுக்கு முதலில் வழங்கப்படும் உபதேசம் 'தாக்கு' என்பதாகும். தடுத்து நிற்பவன் கோழை. பொறுத்திருந்து அடிப்பவன் ஆட்டத்தின் சுவையைக் கெடுப்பவன். ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர் அவனுக்கு 'ஆமை' என்ற பட்டத்தையும் சூட்டியுள்ளனர். இவ்வாறு பேசுவோரும் மெய்சிலிர்த்துப் போற்றும் காட்சியொன்று உண்டு. அது அவர்களுக்கே எதிராகச் சாட்சி சொல்வதை அவர்கள் அவதானித்ததாகத் தெரியவில்லை.

2004ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நிகழ்ந்த எவோ போட்டியில், 'ஸ்ரீட் பைற்றர் 3: தேர்ட் ஸ்ரைக்' ஆட்டத்தில், அமெரிக்கரான ஜஸ்ரின் வோங் சுன்லி என்னும் பாத்திரத்தையும் யப்பானியரான டைகோ உமெஹாரா கென் என்னும் பாத்திரத்தையும் கொண்டு மோதினர். கென்னின் உயிர்ப்பலம் நூலளவே எஞ்சியிருந்தது. சிறப்புத் தாக்குதலைச் சாதாரணமாகத் தடுத்தாலும் சிறு சேதம் உண்டாகும். அந்நிலையில் அச்சிறு சேதமே தோல்வி. வோங் பதினைந்து அடிகள் கொண்ட பெருந்தாக்குதலை ஏவினார். உமெஹாரா பதினைந்தையும் விலக்கி, கடைசி உதையை அந்தரத்தில் எதிர்கொண்டு, பதிலடியால் வென்றார். அரங்கம் அதிர்ந்தது.

ஆர்ப்பரித்தோர் கொண்டாடியது எதனை? பதினைந்து தடுப்புக்களையல்லவா? சாதாரணத் தடுப்புக்குக் கைப்பிடியைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். இத்தடுப்புக்கோ, அடி விழும் கணத்தில், எதிரியை நோக்கித் தட்ட வேண்டும். முன்னோக்கித் தட்டுவதால் இதுவும் தாக்குதலே என வாதிடுவது வெறும் சொற்சிலம்பம். எதிரியின் ஒவ்வோர் அடிக்கும் இடைப்பட்ட காலத்தை அறியாதவனுக்கு அது இயலாது. தன் கைவேகத்தில் மயங்கியவன் அவ்வறிவை எங்ஙனம் பெறுவான்? அவன் வென்றாலும் ஏன் வென்றான் என்பதை அறியான். தாழ்ந்த உதையைக் குனிந்தும் பாய்ந்துவரும் அடியை நிமிர்ந்தும் தடுக்க வேண்டும். தடுத்தே நிற்பவனைப் பிடித்து எறியலாம். இவற்றை வாங்கிப் பழகியவனே கொடுக்கவும் அறிவான்.

'கில்ரி கியர்' ஆட்டம் பின்வாங்குவோனைத் தண்டிக்கின்றதே எனலாம். மெய்தான், ஓயாது விலகி ஓடுவோன் சேர்த்த ஆற்றலை அது பறிக்கின்றது. ஆனால் சரியான கணத்தில் தடுப்போனுக்கு அதே ஆற்றலைக் கூட்டியும் தருகின்றது.

வோங்கின் நிலையையும் நோக்குக. உயிர்ப்பலத்தில் அவரே முன்னிலை. நேரம் முடியும்வரை எட்ட நின்றிருந்தாலே வெற்றி அவருக்கு. அவர் தாக்கினார்.